செங்கோடன் முதுகு

கொன்றையூர் அரண்மனையில் விடங்கர் என்று ஓர் அதிகாரி இருந்தார். போரில் உடம்பு கெட்டுப்போன வீரர்களுக்கு மானிய நிலம் கொடுப்பது அவருடைய வேலை. அந்த வேலையை மட்டும் அவர் செய்ததே இல்லை. வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டதுமே "கிடையாது" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் "யாரது?" என்று கேட்பார்.

அந்த வாசலுக்கு மூன்று வருடமாக நடந்து கால் தேய்ந்தவள் நாச்சாயி. அவள் புருஷன் செங்கோடன் காலாட்படை வீரன். அவனுக்கு முதுகெலும்பு போய்விட்டது. அது போன விதத்தைக் கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும்.

கரட்டுமலைப் போரன்று இந்த விடங்கர்தான் அவனுக்குத் தளபதி. போர் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தளபதிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "தூக்கடா என்னை!" என்று கத்தினார். ஆள் இரண்டு நெல்மூட்டைக் கனம். செங்கோடன் அவரை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு மலையையே தாண்டினான். இறக்கிவிட்டபோது அவன் முதுகுக்குள் ஏதோ மளுக்கென்றது. அன்றிலிருந்து அவனால் குனிய முடியாது, உட்கார முடியாது, ஏர் பிடிக்க முடியாது.

போரில் மன்னர் ஜெயித்தார். விடங்கருக்கு வீர மானியம் பத்து வேலி நிலம். சுளுக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது.

நாச்சாயியின் முதல் மனுவுக்கு விடங்கர் கேட்டார்: "காயம் எங்கே?"

"உள்ளே இருக்குதுங்க ஐயா."

"உள்ளே இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் காட்டுங்கள்."

இரண்டாவது மனுவைச் செங்கோடனே கொண்டுபோனான்; நாச்சாயியும் கூடப் போனாள். குனிந்து வணங்கித்தான் மனுவை நீட்ட வேண்டுமாம். அவன் விறைத்து நின்றான்.

"திமிரைப் பார்! வணங்காதவன் மனுவை வாங்க மாட்டேன்."

"குனிய முடியலீங்களே ஐயா!" என்றாள் நாச்சாயி.

"குனிந்தால் மனுவை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் குனிகிறவனுக்கு முதுகு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் மானியம் எதற்கு?"

மூன்றாவது மனுவையும் தள்ளிவிட்டார். மன்னரிடம் முறையிடுவது ஒன்றுதான் பாக்கி. அங்கேயும் இல்லை என்றால் அதற்கு மேல் வழி கிடையாது. உழ ஆளில்லாத குத்தகை நிலத்தை இந்தத் தையோடு பிடுங்கிக்கொள்வதாக நிலத்துக்காரர் வேறு சொல்லிவிட்டார். வீட்டில் நான்கு வாய். நாச்சாயி ஊராருக்கு நெல் குத்திக் கொண்டுவரும் நொய்யில்தான் கஞ்சி.

அரசவையில் ஆலங்காட்டார் என்று ஒருவர் இருந்தார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவள் அவரிடம் போய் அழுதாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நாளைக்கு அவனை அழைத்து வா, தாயே. நான் பேசுகிறேன்" என்றார்.

மறுநாள் சபையில் செங்கோடன் தடியைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றான்.

விடங்கர் செருமினார். "அரசே, மார்பில் காயம் பட்டால் வீரன். முதுகில் கேடு வந்தால் பகைவனுக்கு முதுகு காட்டி ஓடியவன். ஓடியவனுக்கு மானியமா?"

"ஆலங்காட்டாரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார் மன்னர்.

"விடங்கர் சொல்வதுதான் நியாயம்."

நாச்சாயி அவரை முறைத்தாள். பாவி, இதற்கா நேற்று அவ்வளவு கதை கேட்டார்?

"இன்னும் கறாராகவே இருக்கலாம், அரசே. பகைவனுக்கு முதுகு காட்டியவன் யாராக இருந்தாலும் மானியம் கிடையாது. முன்பே கொடுத்திருந்தால் பிடுங்கி, அந்தப் போரில் ஊனமானவனுக்குக் கொடுத்துவிட வேண்டும்."

"அப்படிச் சொல்லுங்கள்!" விடங்கர் துள்ளினார். "இப்போதே எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள், அரசே!"

எழுதினார்கள். முத்திரையும் வைத்தார்கள். நாச்சாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆலங்காட்டார் மெதுவாகச் செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"ஏனப்பா, இவரை எப்படித் தூக்கினாய்? முன்னால் ஏந்திக்கொண்டா?"

"இந்தக் கனத்தையா சாமி? உப்புமூட்டைதான்."

சபையில் சிரிப்பு.

"பகைவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்?"

"பின்னாலதான் சாமி, துரத்திக்கிட்டு."

"கேட்டீர்களா?" என்று விடங்கர் கையைத் தட்டினார். "ஓடினேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்!"

"சொல்லிவிட்டான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம், விடங்கரே. நீர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினீர். உம்முடைய உடம்புக்கு அவன் முதுகு ஒரு விரற்கடைகூட வெளியே தெரிந்திருக்காது. அப்படியானால் மலையைத் தாண்டும்வரை பகைவர்கள் பார்த்துக்கொண்டே வந்தது யாருடைய முதுகு?"

விடங்கர் தன் முதுகை யாரோ பார்ப்பதுபோல அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "முத்திரை வைத்தாயிற்று, விடங்கரே. நீர் கேட்டுத்தான் வைத்தோம். அந்தப் பத்து வேலியும் செங்கோடனுக்கு! ஆலங்காட்டாருக்கு என் கழுத்துச் சரம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்: "இன்னொன்று, விடங்கரே. இவனை நீரே உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வாரும்!"

நாச்சாயி பதறிப்போய் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் மகாராசா! இவர் பாதி வழியில கீழே போட்டுருவார். இன்னொரு மனு எழுத என்னால ஆகாது!"