முப்பத்தொன்பதாவது செடி

வல்லிபாளையத்தில் சுபிட்சம் குடியிருப்பு என்று பன்னிரண்டு வீடுகள் இருந்தன. அங்கே யோசிக்கிற பொறுப்பைச் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் ஏற்றுக்கொண்டதால், மற்றவர்கள் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார்கள். தலைவர் கோதண்டபாணி, செயலாளர் இருதயராஜ், உறுப்பினர் வீரபத்திரன். வீரபத்திரன் தலைவரின் மைத்துனர்; தலைவர் வீட்டிலேயே வாசம். எழுதியதை எழுதியபடி செய்வது மூவரின் கொள்கை. அதற்கு மேல் யோசிப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

ஒரு நாள் காலையில் மூன்றாம் மாடி ஹபீபா டீச்சர் தலைவர் வீட்டு வாசலில் பையும் கையுமாக வந்து நின்றார். தஞ்சாவூரில் மகளுக்குக் குறித்த நாளுக்கு முந்தியே பிரசவ வலி எடுத்துவிட்டது. வீட்டிலோ மிட்டாய் என்ற பூனையும் ஐந்து தொட்டிச் செடிகளும். அழகுக்கு வாங்கிய அந்தச் செடிகளில் சில பூனைக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது என்று முந்தின நாள்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“கண்ணு திறக்காத குட்டியா சாக்கடையோரம் கிடந்தது சார். இங்க் ஃபில்லர்ல பால் விட்டு வளர்த்தேன். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாங்க மாட்டேன். ரெண்டே நாள், பார்த்துக்குங்க” என்று சாவியோடு ஒரு தாளையும் கொடுத்தார்.

தாளில் மூன்று வரிகள். விஷச் செடியும் மிட்டாயும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எந்தெந்தச் செடி விஷம் என்று தெரிந்துகொண்டு சீட்டு ஒட்டவும். மிட்டாய் எதையாவது மென்றுவிட்டால், மென்ற செடியையும் எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடவும்.

டீச்சரின் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் சங்கம் கூடிவிட்டது.

“அப்போ யாரு வீட்டைக் காலி பண்றது? செடியா, பூனையா?” என்றார் தலைவர்.

“செடி வந்து மூணு வருஷம் ஆச்சு. பூனை போன வருஷம்தான் வந்துச்சு. சீனியாரிட்டி செடிக்குத்தான்” என்றார் செயலாளர்.

“செடி இதுவரைக்கும் என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழிச்சதும் இல்லை” என்று தலைவர் ஆமோதித்தார்.

மிட்டாய் தலைவர் வீட்டுக்குக் குடிபோனது. அங்கே பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் இருந்தது. அது டீச்சர் வீட்டுக்குப் போனது. பூனை நாளைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனால்? பக்கத்து வீட்டுச் செடிகளும் போயின. எந்த வீட்டுக்கும் போகலாமே? சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீட்டுச் செடிகளும், துளசி உட்பட, முப்பத்தெட்டுத் தொட்டிகளாக டீச்சர் வீட்டில் சேர்ந்தன. பாதுகாப்பு என்று வந்துவிட்டால் சங்கம் பாரபட்சம் பார்க்காது.

“விஷம் எதுன்னு நர்சரிக்காரரைக் கேக்கலாமா மாமா?” என்றார் வீரபத்திரன்.

“விக்கிறவன் தன் சரக்கையே விஷம்னு சொல்லுவானா மாப்ளே? மென்னு பார்த்தாதான் தெரியும்.”

“மிட்டாய் மெல்லக் கூடாதே.”

“அதனாலதான் நீ மெல்லு.”

இருப்பதிலேயே பெரியதாக, இலையெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நின்ற செடியில் வீரபத்திரன் ஒரு வாய் கடித்தார். உடனே நாக்கு தடித்தது. பேச்சு வரவில்லை.

“கசக்குதா?” என்று செயலாளர் கேட்டார். “எரியுதா?” வீரபத்திரன் கண்ணிலிருந்து தண்ணீர்தான் கொட்டியது.

“ஒரு குறையும் சொல்லலை” என்று செயலாளர் நோட்டில் எழுதினார்: நல்ல செடி.

வீரபத்திரனின் முகம் பூரியாக உப்பியதும் ‘நல்ல’ என்பதை அடித்துவிட்டு ‘விஷ’ என்று போட்டார். தவறைத் திருத்திக்கொள்ளச் சங்கம் தயங்கியதே இல்லை. மீதி முப்பத்தேழையும் மெல்ல ஆள் கிடைக்காததால், எல்லாவற்றிலும் ‘விஷம்’ என்று எண் போட்டுச் சீட்டு ஒட்டினார்கள்.

மிட்டாய்க்குப் பதிலாக மென்றவருக்கும் மூன்றாம் வரி பொருந்தும் என்று தீர்மானமானது. தலைவரும் செயலாளரும் புள்ளிச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“மென்னது யாரு?” என்றார் டாக்டரம்மா.

“வீரபத்திரன்.”

“பூனையா, நாயா?”

“உறுப்பினர்.”

“ஐயோ, அந்த ஆள் எங்கே?”

“வீட்டுல. தாளில் செடியை எடுத்துட்டுப் போகத்தானே போட்டிருக்கு.”

“முதல்ல அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மூச்சு அடைச்சிரப் போகுது! அப்புறம், இவ்வளவு பெரிய தொட்டி எதுக்கு? இலை ஒண்ணு கிள்ளிட்டு வந்தாலே போதும்.”

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இரண்டு நாள் பேசக் கூடாது என்று அனுப்பினார்கள். தலைவர் வீட்டு வாசலில் செயலாளர் குறுக்கே கையை நீட்டினார். “விஷம் இப்போ இவருக்குள்ள இருக்கு. உள்ளே இருக்கிறது மிட்டாய். முதல் வரியைப் படிங்க தலைவரே.”

தலைவர் படித்தார். சொந்த மைத்துனர் என்றும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு டீச்சர் வந்து, செயலாளரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தார். தொட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் வீரபத்திரன் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சீட்டு: ‘விஷம் – 39’. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஈரம்.

“காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, தவறாம ஊத்தினோம் டீச்சர்” என்றார் செயலாளர். “மத்தியானம் வெயில் பக்கம் திருப்பியும் வெச்சோம்.”

“என் மிட்டாய் எங்கே சார்?”

டீச்சரின் குரல் கேட்டதும், அப்போதுதான் படியேறி வந்த தலைவரின் கையிலிருந்த மிட்டாய் திமிறிக் குதித்தது. தொட்டிகளைத் தாண்டி வீரபத்திரனின் மடியில் ஏறி, தயிர்சாதம் சாப்பிட்ட அவர் விரலை நக்கியது.

“போச்சு! முப்பத்தொன்பதை நக்கிடுச்சு!” என்று தலைவர் அலறிப் பூனையைத் தூக்கினார். “செயலாளரே, இவனைத் தூக்குங்க, ஓடலாம்!”

“இருங்க தலைவரே. முழுசா வேண்டாம், இலை போதும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

இருவரும் வீரபத்திரனைத் தலை முதல் கால் வரை கவனமாகப் பார்த்தார்கள். இரண்டு நாளாகப் பேசாத வீரபத்திரன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மீசையில வலது பக்கம் எடுத்துக்குங்க மாமா. வேரை மட்டும் விட்டுடுங்க, துளிர்க்கட்டும்.”