பேனருக்கடியில் முப்பத்திரண்டு பேர்

ஆலந்திட்டுக் குப்பத்துப் பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கு அநியாயம் நடந்தது.

சென்னையிலிருந்து ஒரு பெரிய அமைப்பு வேனில் வந்து இறங்கியது. தன் பேனரைக் கட்டியது. அதற்கடியில் அந்தப் பெண்களை உட்காரவைத்துப் படம் பிடித்தது. எல்லாம் பத்து நிமிடம். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். வேன் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து, காலநிலை மாற்றக் கல்விக்கான மூன்றாண்டு நிதி அந்த அமைப்புக்கே போனது. ‘கடலோரப் பெண்களிடம் நாங்கள் ஏற்படுத்திய விழிப்புணர்வு’ என்று அறிவிப்பில் போட்டிருந்த படம், அந்தப் பத்து நிமிடப் படம்தான்.

ஆறு வருடமாகக் குப்பத்தில் ஒரு சின்ன மையம் வைத்து அந்தப் பெண்களுக்கு வகுப்பெடுத்து வந்தவர் மாசிலாமணி. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். கடல் ஏன் ஊருக்குள் வருகிறது, மத்தி மீன் ஏன் இடம் மாறுகிறது, புயல் எச்சரிக்கையில் சொல்வதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொடுத்தவர். அதே நிதிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார்.

அவருக்கு வந்த பதில் இரண்டே வரி. வருந்துகிறோம் என்று ஒன்று. வாழ்த்துகிறோம் என்று இன்னொன்று.

அவர் நேரே தையல்நாயகி அம்மாவிடம் போனார்.

அம்மாவுக்கு முப்பத்தொரு வயது. மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்தில் அம்மா குரு, அவர் சீடர். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது பட்டப்பகல் திருட்டு.”

“உட்காருங்க ஐயா. மூச்சு வாங்குது பாருங்க.”

“உட்கார நேரமில்லை. ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமைதான் கடைசி. லெட்டர் எழுதிட்டேன். நிதி கொடுக்கிற டிரஸ்டோட சேர்மன் உங்க பேச்சைக் கேட்கிறவர். நீங்க ஒரு கையெழுத்து போட்டா, எல்லாத்தையும் நிறுத்திவச்சு மறுபடி விசாரிப்பார்.”

“விசாரிக்கலைன்னா?”

“மையத்தை மூட வேண்டியதுதான். எனக்குத் துணையா வகுப்பெடுக்கிற ரெண்டு பொண்ணுங்களும் திருப்பூருக்குக் கிளம்பிடும். இந்தப் புயல் காலத்துல அந்தக் குப்பத்துக்கு எடுத்துச்சொல்ல ஒரு ஆள் இருக்காது.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். மூன்று பக்கம். ஒரு வரி விடாமல் படித்தார்.

“அநியாயம் யாருக்கு நடந்ததுன்னு எழுதியிருக்கீங்க?”

“எங்க பெண்களுக்கு.”

“அவங்க கையெழுத்து எங்கே?”

“அது எதுக்கும்மா? நான் சொன்னா போட்டுடுவாங்க.”

அம்மா கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி விறகைக் கையிலெடுத்தார்.

மாசிலாமணிக்கு எங்கோ சுருக்கென்றது. எங்கே என்று தெரியவில்லை. தெரியாததால் குரல் உயர்ந்தது.

“அவங்க முன்ன மாதிரி தலையாட்டிட்டுப் போறவங்க இல்லை. எதுவா இருந்தாலும் ஏன், எதுக்குன்னு கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்திருக்கேன். ரெண்டாம் பக்கத்துல விவரமா இருக்கு.”

“இருக்கு. ‘விழிப்புணர்வு பெற்ற பெண்கள்’னு எட்டு இடத்துல இருக்கு.”

“எண்ணினீங்களா?”

“கண்ணுல பட்டுச்சு.” அம்மா ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்தார். “அந்த வேன்காரங்க பேனரை யார் கட்டினது?”

“அவங்க டிரைவர்.”

“கயிறு?”

மாசிலாமணி கொஞ்சம் தயங்கினார். “பாக்கியவதி குடுத்திருக்கா. பாவம், வெள்ளந்தி.”

“விழிப்புணர்வு பெற்ற வெள்ளந்தி.”

“கிண்டல் பண்ணாதீங்க அம்மா! விண்ணப்பம் எழுதறதுக்குன்னே அவங்க தனியா ஆள் வச்சிருக்காங்க. அதுவும் இங்கிலீஷ்ல. நான் ராத்திரி பகலா அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். குப்பம் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாதவங்களுக்கு நிதி. ஆறு வருஷம் மணல்ல நடந்தவனுக்கு வாழ்த்து. இது நியாயமா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

“நியாயம் இல்லை. திருட்டுதான்.”

“அப்ப கையெழுத்து போடுங்க.”

“போடுறேன். முதல்ல அவங்க போடட்டும். நான் கீழே போடுறேன். வாங்க, போவோம்.”

விறகுக் குவியலை மழைக்கு மூடியிருந்த பழைய பிளெக்ஸை அம்மா உருவினார். உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மணலில் விரித்து உட்காரத்தான் என்று மாசிலாமணி நினைத்தார்.

ஸ்கூட்டரில் போகும்போதும் அவர் விடவில்லை.

“எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லைங்கறேன்.”

“முன்னாடி மணல். மெதுவா ஓட்டுங்க.”

“ஒரு சின்னத் தப்புகூட இல்லைங்கறேன்.”

“பிரேக்கைப் பிடிங்க ஐயா.”

குப்பத்து மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மா. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வியாபாரம் முடிந்து வந்த பெண்கள் கூடத்து நிழலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கால் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க இந்த ஐஸ் பெட்டிக்குப் பின்னாடியே நில்லுங்க. நான் கூப்பிடாம வரக் கூடாது.”

“எதுக்கு?”

“நில்லுங்களேன்.”

மாசிலாமணி நின்றார். பெண்கள் யாரும் அம்மாவை முன்பின் பார்த்ததில்லை. அம்மா அவர்களுக்கு நடுவே போனார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பிளெக்ஸை விரித்தார். அச்சடித்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஒரு முனையைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

பேச்சை விட்டுவிட்டுப் பெண்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“ஏ பாக்கியவதி, கயித்தை எடுத்தா.”

பாக்கியவதி கயிறு கொண்டுவந்தாள். இரண்டு தூணுக்கும் இழுத்து, அவளே முடிச்சுப் போட்டாள். பழகிய முடிச்சு.

அதற்குள் பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள்.

“குட்டைங்கள்லாம் முன்னாடி வாங்கடி.”

“நான் என்ன குட்டையா?”

“நெட்டைன்னு யாரு சொன்னா? உட்காரு.”

“அஞ்சம்மா, தலையில முக்காட்டை எடு. மூஞ்சி விழணும்.”

“ஏ, சிரிக்காத. விழிப்புணர்வுல சிரிக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருல்ல?”

மூன்று வரிசை. முதல் வரிசை சம்மணம், இரண்டாவது மண்டி, மூன்றாவது நின்றபடி.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மாசிலாமணி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது அவர் வகுத்த வரிசை. இதுவரை நிதி தந்தவர்களுக்கு அறிக்கையோடு மாதம் ஒரு படம் அனுப்ப வேண்டும். பேனரில் தேதி தெரிய வேண்டும். எல்லா முகமும் தெரிய வேண்டும். மாதக் கடைசி வகுப்பில் பாதி நேரம் அதற்கே போய்விடும்.

அம்மாவின் கையில் கேமரா இல்லை. செல்போன்கூட இல்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

பெண்கள் காத்திருந்தார்கள்.

“கையைத் தூக்கணுமா அம்மா?” என்று ஒருத்தி கேட்டாள்.

பின்வரிசையில் இன்னொருத்தி முந்திக்கொண்டாள்.

“தூக்கிடுவோம்டி. எதுக்கும் இருக்கட்டும்.”

முப்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. சாய்ந்த வெயில் முகத்தில் அடித்தது. யாரும் கண்ணை மூடவில்லை. முன்வரிசையில் அஞ்சம்மாவின் கை மெல்ல நடுங்க ஆரம்பித்தது. அவள் இன்னொரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இறக்கவில்லை.

மாசிலாமணியால் அதற்குமேல் முடியவில்லை. அம்மா கூப்பிடாமலேயே ஓடிவந்தார்.

“இறக்குங்க! கையை இறக்குங்க முதல்ல! என்ன பண்றீங்க நீங்கள்லாம்?”

“சார் வந்துட்டாரு” என்று நிம்மதியாகச் சொன்னாள் பாக்கியவதி. “போட்டோ எடுக்க நீங்கதானா சார்?”

“இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது சார்.”

“பேனர்ல என்ன எழுதியிருக்கு?”

முப்பத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் எழுதலையே சார்.”

“அப்புறம் எதுக்கு உட்கார்ந்தீங்க?” அவர் கையிலிருந்த கடிதம் கசங்கியது. “ஊர் பேர் தெரியாத ஒருத்தர் வந்து ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினா உட்கார்ந்துடுவீங்களா? நீங்க யாரு, இங்க எதுக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் இப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியவதி எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. சார் கேள்வி கேட்டிருக்கிறார்; பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“நீங்க மொதமொதல்ல பேனரோட வந்தப்பவும் நாங்க கேட்கலையே சார்.”