நார்த்தங்காய்த் தோலின் வடிநீர்

"இந்தத் தோல்ல ஒண்ணுமே இல்ல மேடம். நான் ஊருக்குப் போறேன்" என்றார் சுடலைமுத்து.

நாட்டு மருந்துக் கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும்போது சித்த மருத்துவ ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த மனுஷன் அவர். வழிகாட்டி பேராசிரியர் மெஹருன்னிசா அவரைவிடச் சின்னவர். அதனால் வாய் நிறைய அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

நாளை காலை ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. நார்த்தங்காய்த் தோலில் ஆன்டிஆக்சிடன்ட் என்னும் சத்து இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சோதனை ஒன்றும் பெரிய மாயமில்லை. ஊதா மருந்தில் தோலின் சாற்றை விட வேண்டும். சத்து இருந்தால் ஊதா போய் மஞ்சள் வரும். அண்ணாச்சியின் சோதனைக் குழாயோ எத்தனை தடவை விட்டாலும் கத்திரிக்காய் நிறத்திலேயே நின்றது. பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தோலை என்ன செய்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டார்.

அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நஞ்சும் கசப்பும் போகச் சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்ப்பாரா அவர்? இன்று காலையும் தோலை வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, மறுபடி வடித்திருக்கிறார். துளிக் கசப்பு கிடையாது, பச்சைக் குழந்தைகூடச் சப்பிச் சாப்பிடும் என்றார்.

பேராசிரியர் எழுந்து அடுப்புப் பக்கம் போனார். கொட்டுவதற்காக ஓரமாக வைத்திருந்த வடிநீர்ச் சட்டியைத் தூக்கி வந்தார். அதில் கொஞ்சம் எடுத்து ஊதாக் குழாயில் விட்டார்.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஊதா வெளுத்தது. மெல்ல மஞ்சளானது.

அண்ணாச்சி சட்டிக்குள் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அப்பப்பா, என்ன கசப்பு! முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

ஆனால் துப்பவில்லை.

"ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ், அண்ணாச்சி?" என்று கேட்டார் பேராசிரியர்.

"மார்க்கெட்ல நார்த்தங்காய் எத்தனை மணி வரைக்கும் கிடைக்கும், மேடம்?" என்றபடியே அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.