கலிங்கு குனிந்த கதை

"ஏரி நிறைந்து வழிகிற வரைக்கும் சலுகை உண்டு என்று செப்பேட்டில் இருக்கிறது. நிறையட்டும், அப்புறம் கேளும்..."

"நீங்கள் கரைக்கு மண் போட்டால்தானே ஐயா ஏரி நிறையும்..."

"அதைத்தான் நானும் சொல்கிறேன், நிறையட்டும்."

அரசர் கையை உயர்த்திய பிறகுதான் இரண்டு வாயும் அடங்கின. சலுகைக்காக வாதாடியவர் வணங்காமுடி ராயர், நாட்டின் பாதி நஞ்சைக்குச் சொந்தக்காரர். மறித்துப் பேசியவன் அரசவை விகடன் பொன்னுரங்கம்.

முன்னொரு காலத்தில், மண்ணே வரியாக இருந்த நாடு அது. ஆவணி பிறந்தால் ஒவ்வொரு வீடும் பெரிய ஏரியின் கரைக்கு மண் சுமக்க வேண்டும். ஒரு காணிக்காரனுக்குப் பத்துக் கூடை, நூறு காணிக்காரனுக்கு ஆயிரம்.

அந்த ஆவணிகள் பொன்னுரங்கத்தின் கண்ணிலேயே நின்றன. முதல் கூடை எப்போதும் ராயருடைய தாயாருடையது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கரையேற, குயவரும் வண்ணாரும் பின்னால் வருவார்கள். "ஆத்தா, கூடை லேசா இருக்கும்போலத் தெரியுதே" என்று யாராவது சீண்டினால், "உன் நாக்கைவிடக் கனம்தான், நட" என்பார். உச்சிவேளையில் எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்து மோர்க்கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சுண்டைவற்றல்.

பிறகு ஒரு பஞ்சம் வந்தது. பெரிய நிலக்காரர்கள் முந்தைய அரசரிடம் போய் அழுதார்கள். உபரித் தண்ணீர் ஓடும் கலிங்கில் நீர் வழியும் நாள்வரை, நூறு காணிக்கு மேல் நிலம் உள்ளவர்கள் மண் சுமக்க வேண்டாம் என்று அவர் செப்பேடு எழுதிக் கொடுத்தார். சின்னக் காணிக்காரர்களின் கூடை மட்டும் போதவில்லை. கரை தேய்ந்து கலிங்கைவிடத் தாழ்ந்தது. கலிங்கைத் தொடுமுன்பே தண்ணீர் கரை வழியாக ஓடிப்போயிற்று. இருபத்திரண்டு வருஷமாகக் கலிங்கு வழியவில்லை. சலுகையும் முடியவில்லை. கடைமடையில் பொன்னுரங்கத்தின் அக்கா செங்கமலத்தின் வயல் தரிசாய்க் கிடந்தது.

"என் தந்தையின் சொல்லை நான் மீற மாட்டேன்" என்றார் அரசர். "செப்பேட்டில் ஓர் எழுத்தும் மாறாமல் இந்த வழக்கை முடித்து வை. ஐப்பசிக்குள் முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடு."

கடைசி வாக்கியம், ராயர் அரசர் காதில் ஓதியது. பொன்னுரங்கம் இரண்டு கல்தச்சர்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

புரட்டாசியின் முதல் மழைக்கு மறுநாள் ஏரிப்பக்கம் பறை முழங்கியது. கலிங்கு வழிந்தால் மட்டுமே அடிக்கும் பறை அது. அரசரும் அவையும் ஓடிப் பார்த்தால், கலிங்கின் மேல் தண்ணீர் சலசலத்து இறங்கிக்கொண்டிருந்தது. அதன் உச்சியிலிருந்து கழற்றிய மூன்று வரிசைக் கற்கள் கீழே அடுக்கப்பட்டிருந்தன.

"மகாராஜா, இவன் கலிங்கை இடித்துவிட்டான்" என்றார் ராயர்.

"இடிக்கவில்லை, ராயரே. கரையைவிடக் கலிங்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஏரி வெட்டியவர்கள் போட்ட விதி. கரை வருஷா வருஷம் குனிந்துகொண்டே வந்தது. கலிங்கு மட்டும் உங்களைப்போல நிமிர்ந்து நின்றால் எப்படி? மூன்று வரிசை குனியச் சொன்னேன்."

"கல்லைத் திரும்ப எடுத்து வை."

"வைக்கிறேன். உங்கள் கூடைகள் விழுந்து கரை உயர்ந்த அன்றைக்கே வைக்கிறேன்."

அரசர் செப்பேட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார். வழியும் நாள்வரை என்றிருந்தது. வழிந்துகொண்டுதான் இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்கிய கற்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சலுகை இன்றோடு முடிந்தது என்று அறிவித்து, தம் கடகத்தைக் கழற்றிப் பொன்னுரங்கத்தின் கையில் பூட்டினார். ராயர் யாரையும் பார்க்காமல் தலைப்பாகையை அவிழ்த்துக் கூடைக்குச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய கஞ்சிப்பானை எங்கடா இருக்கு, தம்பி?" என்று கூட்டத்திலிருந்து செங்கமலம் கேட்டாள்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார் அரசர்.

பொன்னுரங்கம் அக்கரையில் அடர்ந்து நின்ற அரண்மனைத் தென்னந்தோப்பைப் பார்த்தான்.

"அது முந்நூறு காணி இருக்குமல்லவா, மகாராஜா? நாளைக்கு முதல் கூடை யாருடையது?"