படகு மூழ்காமல் சொன்ன கதை

முன்னொரு காலத்தில், தாமரை வாவிகள் நிறைந்த ஒரு நாட்டை மாறவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். உச்சிவெயிலில் படித்துறையில் கட்டிய படகில் படுத்து, கதை கேட்டபடி கண்ணயர்வது அவர் வழக்கம். நீரும் வானமும் ஒன்றாய்க் கலங்கும் அந்த வேளையில், கேட்பது கதையா கனவா என்பது அவருக்கே தெரியாது.

அவர் அவையில் கதை சொல்ல ஒரு விதி இருந்தது. கதைக்குள் ஒருவர் வேறு கதையைத் தொடங்கினால், பாதியில் நிற்கும் கதையை நினைவில் வைத்திருக்க ஒரு காவலர் படகில் ஏறி நிற்க வேண்டும். பாதியில் நின்ற அந்தக் கதை முடியும்வரை அவர் இறங்கக் கூடாது.

ஒருநாள் செவ்வந்திப் புலவர் தொடங்கினார். கனவைத் தொலைத்த சலவைக்காரி நாரையைக் கேட்டாளாம். நாரை தன் கதையைச் சொல்லி மேகத்தைக் கேட்டதாம். மேகம் மலையைக் கேட்டதாம். விடை வரும் என்று எல்லாரும் அங்கங்கே காத்து நின்றார்கள். படகிலும் காவலர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் விளிம்பைத் தாண்டி நீர் புகுந்தது. அரசர் மகுடத்தில் தாமரைக்கொடியோடு கரையேறினார்.

"பெரிய படகு செய்துவிடலாம், அரசே!" என்றார் புலவர்.

"எவ்வளவு பெரிய படகுக்கும் விளிம்பு உண்டே" என்றார் அமைச்சர் இளநாகர்.

புலவருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் இதே கதையை இதே படகில் அமைச்சர் சொல்லட்டும். படகு மூழ்கினால் பதவியும் மூழ்கட்டும்!"

"நல்ல போட்டி! ஆனால் ஒரு நாரை குறைந்தாலும் ஒப்பமாட்டேன்" என்றார் அரசர்.

மறுநாள் இளநாகர் மெதுவாகச் சொன்னார்: "சலவைக்காரி தன் கனவின் அடையாளத்தையும் வீட்டுக்கு வழியையும் நாரையிடம் சொன்னாள். 'கிடைத்தால் என் வாசலில் சேர்த்துவிடு' என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பினாள். அவள் கதை முடிந்தது. காவலரே, நீர் இறங்கலாம்."

நாரையும் அந்த அடையாளத்தையும் வழியையும் மேகத்திடம் ஒப்படைத்துக் கூடு திரும்பியது. ஒருவர் ஏற, முன்னவர் இறங்கினார். மேகம் மலையிடம் சொல்லிக் கலைந்தது. மலை தன் உறக்கத்துக்குள் நீந்திய மீனிடம் சொன்னது. படகு அல்லி இலைபோல் மிதந்தது. மீன் அங்கே கிடந்த கனவைக் கவ்விக்கொண்டு நேரே சலவைக்காரியின் வாசலுக்குப் போனது. வழியில் யாரையும் எழுப்பவில்லை. அரசரும் உறங்கிப்போயிருந்தார்.

மாலையில் விழித்தவர், "காவலர்கள் எங்கே?" என்றார்.

"வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அரசே" என்றார் இளநாகர்.

"காத்திருக்க ஆளில்லாத கதையும் ஒரு கதையா?" என்று முணுமுணுத்தார் புலவர்.

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி இளநாகருக்கு அணிவித்தார். "புலவரே, நாளை உம் முறை. காவலர் கிடையாது. பாதியில் விடும் கதை ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் நீரை நீரே தலையில் சுமக்க வேண்டும்."

மறுநாள் புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு குளத்தில் ஒரு நாரை இருந்தது. தூங்கிவிட்டது."

அரசர் வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் கதை முடிந்துவிட்டது.