தோசைக்கல்லின் பிடிவாதம்

தென்காசியில் ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு தோசைக்கல் குடியிருந்தது. வெறும் கல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். செண்பகவல்லி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மாதமே வந்து சேர்ந்த இரும்புக்கல் அது. பதினாறு வருஷமாக அவள் கையைத் தவிர வேறு கை அதில் மாவு ஊற்றியதில்லை. அந்தத் திமிர் அதற்கு நிறையவே உண்டு.

விருந்தாளி யார் வந்தாலும் ஒரே பேச்சுத்தான். "செண்பகத்தோட கைப்பக்குவம் யாருக்கு வரும்? என்னமா தோசை சுடுதா!" இதைக் கேட்டதும் கல் மற்ற சாமான்களைப் பார்த்துக் கனைத்துக்கொள்ளும்.

"கேட்டுக்கிடுங்க. அவ கைக்குத்தான் நான் தோசை கொடுப்பேன். வேற எவன் ஊத்தினாலும் பிடிச்ச பிடி விடமாட்டேன். மந்திரியே வந்தாலும் சரி."

"போதும்ப்பா, விடிஞ்சா இதே பாட்டுத்தானா?" என்று குக்கர் உஸ்ஸென்று சலித்துக்கொள்ளும். சாமான்கள் பேசுவது மனுஷர் காதில் விழாது. விழுந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

செண்பகம் நாலு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் அடுப்படி, பிறகு வேன், திரும்பி வந்தால் மறுபடியும் அடுப்படி. அவள் புருஷன் நயினார் தையல் கடை வைத்திருந்தார். மகள் முத்தரசி பத்தாம் வகுப்பு. இருவரும் சோம்பேறிகள் இல்லை. ஆனால் அடுப்படிக்குள் அவர்களுக்குத் தெரிந்தது சாப்பிடும் தட்டு இருக்கிற இடம் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை செண்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்துப் புளி ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டாள். ஜாடிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏ, எல்லாரும் கேளுங்க! நம்ம செண்பகத்தைப் பெரிய பஸ்ஸு ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க! திருச்சியில இருபத்தொரு நாள் பயிற்சி. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும். போகலைன்னா அந்த இடம் அடுத்த ஆளுக்காம்."

அடுப்படியே குதித்தது. கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கல் மட்டும் அசையவில்லை.

"எதுக்கு இந்தக் கூத்து? அவ போகமாட்டா. அவ போயிட்டா இந்த வீட்டுக்கு யாரு சோறு போடுவா?"

அன்று சாயங்காலம் நயினாரும் கடிதத்தைப் படித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏ செண்பகம், இதைப் போயி ஜாடிக்கு அடியில வச்சிருக்க! கிளம்பு நீ. வீட்டை நாங்க பாத்துக்கிடுதோம்."

"நீங்களா? அடுப்பைப் பத்த வைக்கவே என்னைத்தான் கூப்பிடுவீங்க. கடைசியில எல்லாம் முத்தரசி தலையில விழும். அவளுக்குப் பரீட்சை வருது."

"என் தலையில பாதிதான் விழும், மீதி அப்பா தலையில" என்றாள் முத்தரசி.

செண்பகம் யோசித்தாள். "சரி. நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் நான் அடுப்படிக்குள்ள காலே வைக்கமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக் காட்டுங்க. காட்டினா போறேன்."

சனிக்கிழமை ஒருவழியாகப் போயிற்று. சோறு குழைந்தது, குழம்பில் உப்பு ஏறியது. ஆனாலும் முத்தரசி காய் நறுக்கினாள், நயினார் பாத்திரம் விளக்கினார். விளக்குமாறு இருவர் கையிலும் மாறி மாறி வீட்டைப் பெருக்கியது. சாயங்காலம் நயினாருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. கோதுமை மாவைப் பிசைந்தார். அவர் கண்ணில் பட்டது தோசைக்கல். எடுத்துப் போட்டு, அதிலேயே எட்டுச் சப்பாத்தி சுட்டுத் தள்ளிவிட்டார்.

தோசைக்கல்லில் சப்பாத்தி சுட்டால் மறுநாள் தோசை வராது என்று தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். நயினார் எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. கல்லுக்கு ஒரே குஷி.

"வரட்டும் நாளைக்கு. வச்சிருக்கேன்" என்றது.

ஞாயிறு காலை நயினார் மாவை ஊற்றினார். கல் இறுக்கிப் பிடித்தது. தோசை திருப்பும் சட்டுவத்தால் சுரண்டினார், தோசை சுருண்டு கந்தலாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கருகிப் புகைந்தது. முத்தரசி இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

செண்பகத்தால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்துவிட்டாள்.

"நகருங்க. இதெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. நான் போகலைங்க. நாளைக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்." சட்டுவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பாத்தீங்களாலே!" என்று கல் கத்தியது. "என் மகராசி என்கிட்டயே வந்துட்டா! என்னை விட்டு எங்க போவா?"

மூலையிலிருந்த விளக்குமாறு வாயைத் திறந்தது.

"ஏ கல்லு, என்னை ஒருத்தரும் புகழ்ந்தது கிடையாது. யார் கையில எடுத்தாலும் நான் பெருக்குவேன், அதனால எனக்குப் பேரு இல்ல. ஆனா என்னால செண்பகம் போற வழி ஒரு நாளும் நின்னதில்ல. உன்னால நின்னுபோச்சு."

"நான் அவளோட பெருமைடா!" என்று சீறியது கல்.

"பஸ் ஓட்டுறதுதான் அவளோட பெருமை. தோசை உன்னோட பெருமை. உன் பெருமைக்கு அவளைப் பிடிச்சுக் கட்டிப்போட்டிருக்க."

கல்லுக்குச் சுருக்கென்றது. செண்பகத்தின் கையைப் பார்த்தது. பதினாறு வருஷம் பழகிய கை. அடுப்படிக்கு வந்தால் நேரே மாவுக்குப் போகிற கை. இன்று மாவைத் தொடாமல், புளி ஜாடிப் பக்கம் கிடந்த கடிதத்தை நீவிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குப் போக ஆசை என்று கல்லுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று அதற்கு வெட்கமாகிவிட்டது.

"செண்பகம், சட்டுவத்தைக் குடு" என்றார் நயினார். "ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல. நேத்து இதுல சப்பாத்தி சுட்டேன். அதனாலதான் இப்படி ஒட்டுதா?"

"பின்ன? அது தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நான் கேக்கல, அது என் தப்பு. நீயும் சொல்லல. உன் கைக்குத்தான் வரும்னு ஊரே சொல்லிச்சு, நாமளும் நம்பிட்டோம். இப்பச் சொல்லு, என்ன செய்யணும்?"

ஊர் சொன்ன அந்தப் புகழ் செண்பகத்துக்கும் இனித்ததுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு சட்டுவத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நிலைப்படிக்கு வெளியே போய் நின்றாள்.

"கல்லை நல்லாக் கழுவுங்க. தீயைக் குறைங்க. வெங்காயத்தைப் பாதியா வெட்டி, நல்லெண்ணெயில தொட்டு அழுத்தித் தேயுங்க. அவசரப்படாதீங்க. ஆங், இப்ப ஊத்துங்க."

நயினார் ஊற்றினார். அவர் நெற்றி வேர்த்தது. முத்தரசி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். செண்பகம் மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள். இந்த ஒன்று வந்தால் திருச்சி. வராவிட்டால் எல்லாம் முடிந்தது. அது அவர்களுக்கும் தெரியும், கல்லுக்கும் தெரியும்.

பழக்கமில்லாத கை. மாவு ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் ஓட்டை. பிடித்துக்கொள் என்று கல்லின் பழைய புத்தி சொல்லத்தான் செய்தது. கல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை விட்டது.

தோசை சட்டுவத்தில் ஏறி முழுசாக வந்தது. வட்டமாக இல்லை, ஒரு வடிவமாகவும் இல்லை. ஆனால் கிழியாத தோசை! முத்தரசி கைதட்டிக் குதித்தாள்.

நயினார் அதைத் தட்டில் போட்டு நேரே செண்பகத்திடம் கொண்டுபோனார். "உட்காரு. சாப்பிடு."

செண்பகம் உட்கார்ந்தாள். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டதும் நாக்கு சுட்டது. எல்லோருக்கும் சுட்டுக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன கடைசித் தோசையை நின்றபடி விழுங்கிவிட்டு ஓடுகிறவள் அவள். உட்கார்ந்த இடத்துக்குச் சூடாக ஒரு தோசை வந்து சேர்வது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. தன் தோசையைத் தன் மகராசி இதுவரை சூடாகத் தின்றதே இல்லை என்று கல்லுக்கும் அன்றுதான் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் நயினார்.

"வேகல" என்றாள் செண்பகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னொண்ணு கொண்டாங்க. சாப்பிட்டுட்டுப் பையை எடுத்து வைக்கணும்."

திங்கட்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்தரசி அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுப்படியில் நயினார் கல்லைக் காயவைத்துவிட்டு, முதல் தோசை வருமோ வராதோ என்று கரண்டியும் கையுமாகத் தயங்கி நின்றார்.

"என்ன கல்லு, விடுவியா மாட்டியா?" என்று கேட்டது குக்கர்.

கல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனுஷர் காதில் விழாது என்று தெரிந்தும் நயினாரைப் பார்த்து நெஞ்சு நிமிரக் கத்தியது:

"யோவ் நயினாரு, என்னய்யா முழிக்கீரு? சட்டுனு மாவை ஊத்தும்யா! எங்க வீட்டம்மா பஸ் ஓட்டப் போறா!"