வாசனையில்லாத மணல்

மேற்கு மலையில் கோடை வந்தால் அடிவாரக் குளம் வற்றிவிடும். விலங்குகள் தண்ணீர் தேடி மலையேறும். பாதி வழியில் தங்க ஒரு மேடு உண்டு. பன்றி, காட்டெருமை, மந்தி, மான் எல்லாம் அங்கேதான் ராத்தங்கும்.

மேட்டில் கால் வைக்க இடமில்லை. சாணம், புழுக்கை, மூத்திர நாற்றம். உண்ணி வேறு. தாய் மிளா மான் ஒன்றுக்கு இது பொறுக்கவில்லை. அதன் இளங்கன்றின் காதெல்லாம் உண்ணி. கன்று சோர்ந்து கிடந்தது. விடிந்தால் செங்குத்தான ஏற்றம். தூங்காத கன்று ஏறாது. ஏறாத கன்று பிழைக்காது.

"கொஞ்சம் தள்ளிப் படேன்!" என்றது மிளா, பக்கத்துப் பன்றியிடம்.

"தள்ளினா எருமை மடியிலதான் படுக்கணும். வேணும்னா நீ போய்ப் படு!"

அப்போது ஒரு முயல் துள்ளி வந்தது. அதற்குக் காதைவிட வாய் நீளம்.

"மதினி! இந்த நாத்தத்துல எதுக்குக் கெடக்கீக? கீழே ஓடை வளைவுல ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். மாவு சலிச்ச மாதிரி மணல்! ஒரு புழுக்கை கெடையாது!"

"அங்கே யாரு இருக்கா, கொழுந்தா?"

"யாருமே இல்லை! அதானே விசேஷம்!"

"போங்க, போங்க. எங்களுக்கு எடம் மிச்சம்!" என்று பன்றி உறுமியது.

மூன்றும் போயின. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் உயரமான கரை. நடுவே வெள்ளை மணல். ஓரமாக நாக்கு நனையக்கூடக் காணாத நூல் போல ஓடைத் தண்ணீர். முயல் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு சில்வண்டுகூடக் கத்தவில்லை. ஓர் எறும்புகூட ஊரவில்லை.

மிளாக்களுக்கு ஒரு வழக்கம். படுக்குமுன் தரையை முகரும். முன்னே படுத்தது யார், பசியோடு போனதா, பயந்து போனதா எல்லாவற்றையும் மூக்கு சொல்லிவிடும்.

தாய் மிளா முகர்ந்தது. ஒன்றுமில்லை. தள்ளிப்போய் முகர்ந்தது. அங்கும் இல்லை. பழைய வாடைகூட இல்லை. இந்த உலகத்தில் யாருமே பிறக்காத மாதிரி இருந்தது.

"மூக்கைத் தூக்கிட்டுப் படுங்க மதினி!" என்றது முயல்.

"அம்மா, அது என்ன?" என்றது கன்று.

கரையோர மருத மரத்தின் கவட்டையில் ஒரு காய்ந்த புல்கட்டு தொங்கியது. பின்னங்காலில் நின்றாலும் மிளாவுக்கு எட்டாத உயரம். அது கூடு இல்லை. அதற்குள் ஒரு குளம்பு செருகியிருந்தது. சின்னக் குளம்பு. கன்றின் குளம்பளவு.

முயலின் மீசை ஆடியது. "சிறுத்தை வேலை! அதுதான் இரையை மரத்துல ஏத்தும்!"

மிளாவுக்குத் தெரிந்த பயமெல்லாம் நாலு காலில் வருவது. மரத்தை விட்டு விலகு, வெட்டவெளிக்குப் போ என்றுதான் அதன் ரத்தம் சொல்லும். கன்றை இழுத்துக்கொண்டு நடு மணலுக்குப் போய்விட்டது.

முயல் மணல் நடுவே இருந்த பாறையில் ஏறிக்கொண்டது. "இங்கேருந்து நாலு பக்கமும் தெரியும். காவலுக்கு நானாச்சு!"

கன்று படுத்ததும் தூங்கிவிட்டது. தாய்க்குக் கண் மூடவில்லை. சிறுத்தை ஏறினால் மரத்தில் நகம் பட்டிருக்குமே? இரையோடு புல்லையும் சேர்த்தா கட்டிவைக்கும்? அடுத்த மரத்தைப் பார்த்தது. அதிலும் புல். அதற்கடுத்ததிலும் புல். எல்லாம் ஒரே உயரத்தில், கோடு போட்டது போல.

ஓடைப் பக்கம் திரும்பியது. நூல் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. நுரை மிதந்து வந்தது. நுரையில் ஈரமான சிவப்புத் தளிர் ஒன்று. அந்தத் தளிர் விடும் மரம் முகட்டில்தான் உண்டு. தலைக்கு மேலே அந்தி வானம் மேகமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. முகட்டை மட்டும் காணவில்லை. கருமேகம் விழுங்கியிருந்தது.

குளம்புக்கடியில் தரை முனகியது.

"எழுந்திரு!" மிளா கன்றின் காதைக் கடித்தது. "கொழுந்தா, கரைக்கு ஓடு! அந்தக் குளம்பை மரத்துல தொங்கவிட்டது சிறுத்தை இல்லை. தண்ணி!"

"தண்ணியா? பொட்டு மழை இல்லையே மதினி!" முயல் சிரித்தது. "அப்படியே வந்தாலும் நான் பாறை மேலதானே இருக்கேன்!"

பேச நேரமில்லை. மிளா கன்றை நெற்றியால் முட்டிக் கரையில் ஏற்றியது. கன்று சறுக்கியது. மறுபடி முட்டியது. முதலில் கல்லோடு கல் மோதும் சத்தம். பிறகு சுவர் ஒன்று நடந்து வந்தது. அதில் முழு மரங்கள் புரண்டன. தாயின் பின்னங்காலைத் தண்ணீர் பிடித்தது. தாய் உதறிக்கொண்டு கரை மேலே விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் பாறையைக் காணோம்.

"மதினி!" என்று ஒரு குரல். ஓடையின் கீழ்ப்பக்கமிருந்து. மறுபடி, இன்னும் தள்ளி. பிறகு தண்ணீர் மட்டும் பேசியது.

"சித்தப்பா எங்கேம்மா?"

வெள்ளம் தெறித்து நனைந்திருந்த கன்றின் முதுகைத் தாய் நக்கியது. பிறகு மேட்டைப் பார்த்து நடத்தியது.

வழியில் இரண்டு புள்ளிமான்கள் எதிரே வந்தன.

"ஏன் மதினி, கீழே இடம் காலியா?"

"காலிதான்" என்றது மிளா. "இப்பத்தான் காலியாச்சு."

ஒரு மான் சிரித்தது. மற்றொன்று கன்றின் உடம்பிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தது. சிரித்த மானை முட்டித் திருப்பிக்கொண்டு மேட்டுக்கு நடந்தது.

ஆளில்லாத இடம் கிடைத்தது என்று குதிக்குமுன், அங்கே ஏன் ஆளில்லை என்று கேள்.